பால்கனி டைல்ஸும் என் அட்வான்ஸும்

முந்தைய வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். குளியலறைக் கதவின் அடிப்பக்கம் தண்ணீரில் ஊறி உப்பியிருந்ததாம். நாங்கள் குடிவந்த அன்றே அது அப்படித்தான் இருந்தது. எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், அநேகமாக அவருக்கும் தெரியும். ஆனால் காட்டுவதற்கு ஒரு போட்டோ கிடையாது. சாமான் இறக்குகிற அவசரத்தில் கதவின் அடியை யார் படம் எடுப்பார்கள்?

அடுத்த வீட்டில் எடுத்தேன். சாமான் உள்ளே வருவதற்கு முன்பே, வாசலில் தொடங்கி ஒரே வீடியோ. குழாயைத் திறந்து மூடி, ஸ்விட்சைப் போட்டு அணைத்து, சிங்க்குக்கு அடியில் குனிந்து, பால்கனியில் விரிசல் விட்ட ஒற்றை டைல்ஸ் வரைக்கும். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். என் போனில் மட்டும் கிடந்தால் எப்போது எடுத்தது என்ற கேள்வி வரும். அனுப்பிவிட்டால் தேதி இருவரிடமும் இருக்கும்.

பெரிய சண்டை பெயின்ட்டில்தான் வருகிறது. மனிதர் புழங்கினால் சுவர் மங்கும், வெயில் படுகிற பக்கம் வெளுக்கும். அது தேய்மானம், வாடகைக்குள் அடக்கம். டிவி மாட்டப்போய்ப் பெயர்ந்த காரையும் உடைந்த வாஷ்பேசினும் சேதம், அது நம் கணக்கு. பல வருடப் பழைய பெயின்ட்டுக்குப் புதுசு அடிக்கிற முழுச் செலவையும் நம்மிடம் கேட்பது நியாயமே இல்லை. அக்ரிமென்ட்டில் அப்படி ஒரு வரி இருந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்? அப்புறம் வாதாடுவது கஷ்டம்.

கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவதும், பணம் வரும்வரை சாவி தரமாட்டேன் என்று நிற்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. முதலாவதில் வாடகை பாக்கி வைத்தவன் என்ற பெயர், இரண்டாவதில் கெடு தாண்டிய நாட்களுக்கும் வாடகை கேட்பார்கள்.

நான் செய்தது இதுதான். வீடியோ எடுத்த அந்த வீட்டைக் காலி செய்வதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொன்னேன். சாமானெல்லாம் போன பிறகு, பகல் வெளிச்சத்தில், அவரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றி வந்தேன். மீட்டர் ரீடிங், சாவி எத்தனை, எதற்கு எவ்வளவு பிடித்தம், மீதி எந்தத் தேதியில் என்று ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். உடைந்த ஜன்னல் கொக்கிக்கு பில்லைக் காட்டிவிட்டுக் கழித்தார். அது நான் உடைத்ததுதான்.

பால்கனிக்கு வந்ததும் குனிந்து அந்த டைல்ஸைத் தடவிப் பார்த்தார். நான் போனை எடுத்தேன்.

"வேண்டாம் சார், அந்த வீடியோ எங்கிட்டயும் இருக்கு" என்றார்.