பெட்டி மாறலாம், பழைய சீட்டு எங்கே?

போன மாதம் டெக்சஸில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைப் போலவே மார்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்களைச் சேர்ப்பவர். பேச்சுவாக்கில் மேசை இழுப்பறையைத் திறந்தபோது, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சிறு கட்டு கண்ணில் பட்டது. எல்லாம் நாணயத்தின் தரத்தைச் சொல்லும் சீட்டுகள். ஸ்லாப் என்று நாங்கள் சொல்லும் பிளாஸ்டிக் பெட்டியை உடைத்து நாணயத்தை எடுத்த பிறகு மிஞ்சியவை. நான்கு சீட்டுகளைத் தனியாக எடுத்துக் காட்டினார். நான்கிலும் வேறு வேறு சான்று எண்கள். நான்கும் ஒரே நாணயத்துக்கு வாங்கியவை.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்களுக்காகச் சின்ன விளக்கம். 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்க சென்ட் காசுகளுக்காக 70 புள்ளி அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். இன்று எல்லா நாணயங்களுக்கும் அதுதான் அளவு. 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாதது. 1980களின் நடுவில் பி.சி.ஜி.எஸ்., அடுத்து 1987இல் என்.ஜி.சி. என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் வந்து, நாணயத்தைப் பார்த்துத் தர எண் கொடுத்து, பெட்டிக்குள் அடைத்து, அதற்கு உத்தரவாதமும் தரத் தொடங்கின. ஒரு நிறுவனத்தின் பெட்டியில் இருப்பதை இன்னொன்றின் பெட்டிக்கு மாற்றுவதுதான் கிராஸ் ஓவர்.

ஏன் மாற்றுகிறார்கள்? பாதிக் காரணம் விலை. ஒரே எண்ணாக இருந்தாலும் எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்துச் சந்தையில் விலை மாறுகிறது. இன்னொரு காரணம், சேர்ப்பவர்கள் தங்கள் தொகுப்பைப் பதிந்து வைக்கும் பதிவேடு. பி.சி.ஜி.எஸ். நடத்தும் பதிவேட்டில் அவர்கள் பெட்டியில் இருக்கும் நாணயம் மட்டும்தான் ஏறும்.

என் காரணம் இரண்டும் இல்லை. அமெரிக்காவின் கார்சன் சிட்டி அச்சகத்தில் அச்சான மார்கன் டாலர்கள் மொத்தம் 13 ஆண்டுகளுக்கு உண்டு. நான் சேர்த்த வரிசையில் 1885 மட்டும் வேறு நிறுவனத்தின் பெட்டியில் இருந்தது, தரம் 65. அச்சடித்தது 2,28,000 மட்டுமே என்றாலும், அதில் பாதிக்கு மேல் கருவூலப் பெட்டகத்திலேயே கிடந்து, 1970களில் அரசே மக்களுக்கு விற்றது. அதனால் பளபளப்பு குறையாமல் கிடைக்கிற காசு அது. வரிசை ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, மற்றவற்றுக்குப் பெட்டி போட்ட நிறுவனத்துக்கே அதையும் அனுப்பினேன். விண்ணப்பத்தில் குறைந்தபட்சத் தரம் என்று ஒரு கட்டம் இருக்கும். 65 என்று எழுதினேன். அதாவது அவர்கள் கண்ணுக்கும் 65 என்று பட்டால் மட்டும் பழைய பெட்டியை உடைக்கலாம். இல்லையென்றால் அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பித்தான் வந்தது. கட்டணம், போக வர தபால், காப்பீடு எல்லாம் போனது போனதுதான்.

முதலில் கோபம் வந்தது. ஒரு வாரம் கழித்து, மஞ்சள் விளக்கைத் தாழ்த்தி வைத்து, லென்ஸில் மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். நாணயத்தில் இருக்கும் லிபர்ட்டி என்ற பெண் முகத்தின் கன்னத்தில், வாய்க்குச் சற்று மேலே, பைக்குள் காசோடு காசு மோதிய தடம் ஒன்று. அதுவும் சரியாக ஒளி விழுகிற இடத்தில். வாங்கியபோது எண்ணைப் பார்த்தேனே தவிரக் கன்னத்தைப் பார்க்கவில்லை. 64 என்று சொல்பவரிடம் நான் சண்டை போட முடியாது. இன்னொன்றையும் யோசித்தேன். அவர்கள் பார்ப்பது கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாக, விளிம்பு பிடிமானத்துக்குள் மறைந்திருக்கும்போது. அதற்கு மேல் உத்தரவாதம் வேறு அவர்கள் தலையில் ஏறும். சந்தேகம் வந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் பலர், உடைத்து வெறும் காசாக அனுப்பினால் அந்தப் பழைய எண் கண்ணை மறைக்காதே என்கிறார்கள். உண்மைதான், சில சமயம் கூடுதல் எண்ணும் கிடைக்கும். ஆனால் எப்போதோ யாரோ துடைத்த காசு என்று தெரிந்துவிட்டால் எண்ணே இல்லாமல் வெறும் விவரச் சீட்டோடு வரும். இருந்த 65உம் போய்விடும். என்.ஜி.சி. அழகுக்காகத் தரும் நட்சத்திரக் குறியும் பெட்டி மாறினால் போய்விடும். பி.சி.ஜி.எஸ்.ஸின் கலகலவென்று சத்தம் போடும் முதல் தலைமுறைப் பெட்டிகள், என்.ஜி.சி.யின் 1987 கறுப்புப் பெட்டி இவற்றையெல்லாம் தயவுசெய்து தொடாதீர்கள். பெட்டிக்காகவே அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இழுப்பறைக்கு வருகிறேன். உடைப்பது அவரவர் காசு, அவரவர் துணிச்சல். அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் எந்த ஆண்டு, எந்த அச்சகம், எந்தத் தரத்தில் எத்தனை நாணயங்களைப் பார்த்தோம் என்று இரண்டு நிறுவனங்களும் கணக்கு வெளியிடுகின்றன. நாம் எல்லோரும் அதை நம்பித்தான் எது அரிது, எது மலிவு என்று முடிவு செய்கிறோம். நண்பரின் ஒரே டாலர் அந்தக் கணக்கில் நான்கு டாலர்களாக நிற்கிறது. ஒரு தரம் ஏறினால் விலை பல மடங்காகும் காசுகளைத்தான் திரும்பத் திரும்ப உடைக்கிறார்கள். அதனால் கணக்கு அதிகம் பொய்யாவதும் மிக அரிதான நாணயங்களில்தான். ஒரு ஆளின் சேமிப்பை முழுங்கும் விலையில் விற்கிற காசுக்கு இப்படி ஒரு கணக்கு என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. போலிப் பெட்டி செய்கிறவர்கள் உண்மையான சான்று எண்களைத்தான் திருடிப் போடுகிறார்கள். உடைத்த பெட்டியின் சான்று எண் உயிரோடு இருந்தால், வாங்குகிறவர் இணையத்தில் தட்டிப் பார்க்கும்போது சரியாகத்தான் காட்டும்.

இதைத் தடுக்க ஆகும் செலவு ஒரு தபால் உறை. பழைய சீட்டை அனுப்பினால் இரண்டு நிறுவனங்களும் வாங்கிக்கொண்டு அந்த எண்ணைக் கணக்கிலிருந்து நீக்கும். வீட்டில் உடைத்தால் அன்றைக்கே சீட்டை உறையில் போட்டுவிடுங்கள், நாளைக்கு என்று வைத்தால் இழுப்பறைக்குத்தான் போகும்.

அப்புறம், ஊரிலிருந்து பழைய ரூபாய்க் காசுகளை இங்கே அனுப்பலாமா என்று கேட்கிற நண்பர்களுக்கு: 100 ஆண்டுகளைக் கடந்த நாணயம் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை நீங்களாக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தரம் பார்க்கத்தானே என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

என் 1885 பழைய பெட்டியிலேயே இருக்கிறது, வரிசையில் அது மட்டும் வேறு மாதிரி. நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது முதலில் சிரித்தார். நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். முகவரி எழுதிய இரண்டு உறைகள், பக்கத்தில் அவிழ்த்த ரப்பர் பேண்ட். மொத்தம் 11 சீட்டுகளாம்.