டிஸ்க்கை அழிக்க வேண்டாம், கெர்னலைப் பாருங்கள்

சோர்ஸ் கோடிலிருந்து சொந்தமாகக் கம்பைல் செய்த லினக்ஸ் பூட் ஆகவில்லை என்று கடலூர்த் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அதன் மையமான கெர்னல், சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய (திறந்து இணைக்க) முடியாமல், ‘கெர்னல் பேனிக்’ என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) கெட்டுவிட்டது, டிஸ்க்கை முழுசா அழித்துத் திரும்பப் பிரியுங்கள் என்று அதற்கு ஒரு அண்ணன் பதில் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். கேள்வி கேட்ட தம்பியின் காலேஜ் புராஜெக்டும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது.

தம்பி, பேனிக் வரிக்குச் சற்று மேலே, கெர்னல் தன் கண்ணில் பட்ட பார்ட்டிஷன்களைப் பட்டியல் போட்டிருக்கும். உங்கள் என்விஎம்இ டிஸ்க் (வேகமான எஸ்எஸ்டி வகை) அதில் இல்லவே இல்லை என்றால், பெரும்பாலும் அதை இயக்கும் டிரைவர் கெர்னலுக்குள் சேரவில்லை. டிஸ்க் தெரிந்தும் மவுண்ட் ஆகவில்லை என்றால் எக்ஸ்ட்4 என்ற ஃபைல்சிஸ்டம் வகைக்கான ஆதரவு விடுபட்டிருக்கலாம். கெர்னலில் எது சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் இவற்றை ‘எம்’ போட்டு மாட்யூலாக (தேவைப்படும்போது ஏற்றும் தனி ஃபைலாக) விட்டால், இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் சிறு தற்காலிக சிஸ்டம்) இல்லாத சிஸ்டத்தில் எடுக்க வழியில்லை. மாட்யூல் கிடப்பதே அந்த ரூட் பார்ட்டிஷனில்தானே! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. நட்சத்திரக் குறி போட்டு கெர்னலோடு சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு தவறு, கெர்னலை ஏற்றும் பூட் லோடரான கிரப்பில் ரூட்டுக்கு யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்) கொடுப்பது. அந்த யூயூஐடியைத் தேடிப் பிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை, கெர்னலுக்குத் தனியாக அது தெரியாது. பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) கொடுத்தால் புரிந்துகொள்ளும். பிஎல்கேஐடி கட்டளை இரண்டையும் ஒரே வரியில் காட்டும், மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

ஹோஸ்ட் டிஸ்ட்ரோவில் (ஏற்கெனவே ஓடும் லினக்ஸில்) பூட் செய்து, குரூட் கட்டளை போட்டுப் புது சிஸ்டத்துக்குள் நுழைந்து, கிரப் வரியைச் சரிசெய்து, கெர்னலை மட்டும் திரும்பக் கம்பைல் செய்து நிறுவினால் போதும். அப்பவும் எழவில்லை என்றால் லேப்டாப்போடு பாண்டிக்கு வாங்க, உட்கார்ந்து பார்த்துவிடலாம்.