உச்சிவெயிலில் ஏழு இடங்கள்

ஜெய்ப்பூரின் பழைய வானியல் ஆய்வுக்கூடமான ஜந்தர் மந்தரில் இருக்கும் பெரிய சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் உயரம் 27 மீட்டர். மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள், பகல் 12.20 மணிக்கு, முப்பத்தெட்டுப் பேர் கொண்ட எங்கள் சுற்றுலாக் குழு அதன் அடியில் நின்றது. அவ்வளவு உயரச் சுவரும் எங்களுக்கு நிழல் தரவில்லை. அது வடக்கு தெற்காக நிற்கும் சுவர்; அதன் இரு பக்கமும் நேரம் காட்டும் வளைவுகள். காலையில் அதன் நிழல் மேற்குப் பக்கத்து வளைவிலும், பிற்பகலில் கிழக்குப் பக்கத்து வளைவிலும் விழும், உச்சிப்பொழுதில் இரண்டிலும் விழாது. இந்திய நேரம் 82.5 டிகிரித் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதாலும், ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே இருப்பதாலும், அங்கே அந்த வாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.24 மணிக்கு. நிழல் நகர்வதைப் பார்ப்பதற்கென்றே கட்டிய ஓர் இடத்துக்கு, நிழல் இல்லாத சில நிமிடங்களாகப் பார்த்து எங்களை அழைத்துப் போயிருந்தார்கள். காலை பத்து மணிக்குப் போயிருந்தால், அந்த நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் ஊர்ந்து போவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கலாம்.

காலை பத்து மணிக்கு நாங்கள் எங்கே இருந்தோம் என்பதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. குளிரூட்டப்பட்ட ஒரு துணிக்கடையில் இருந்தோம். அச்சுக்கட்டையால் துணியில் யானை உருவம் பதிப்பதைப் பத்து நிமிடம் காட்டினார்கள். அது நன்றாகவே இருந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்குக் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் அந்தக் கடை "கைவினைக் கலைக்கூடம்" என்ற பெயரில், பார்க்க வேண்டிய ஏழு இடங்களில் ஒன்றாக அச்சாகியிருந்தது. ஒன்பதேகாலுக்குப் புறப்பட்ட பேருந்து, ஒரு வெயில் நகரத்தின் பகலில் மிச்சமிருந்த குளிர்ச்சியான நேரத்தை அந்தக் கடைக்குக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு அரண்மனைக்கும், உச்சியில் ஜந்தர் மந்தருக்கும், மூன்று மணிக்கு ஆமேர் கோட்டைக்கும் எங்களைக் கொண்டுபோனது. கூரை உள்ள இடம் ஒன்றே ஒன்றைத்தான் நடுப்பகலுக்கு ஒதுக்க முடியும் என்றால், அது அந்தக் கடையாகவே இருந்திருக்கலாமே!

என் இருக்கைக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தொடும் ஓர் அம்மா வந்திருந்தார். காலையில் பேருந்தில் ஏறியதும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பகல் ஒரு மணிக்கும் அவருடைய பாட்டிலின் மூடியில் முத்திரை வளையம் அறுபடாமல் இருந்ததைப் பார்த்தேன். "குடிங்கம்மா" என்றேன். "குடிச்சா எங்க போறது தம்பி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பயணம் முழுவதும் பெண்கள் பலர் இப்படித்தான் தாகத்தை அடக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பது, பேருந்தின் முன்வரிசையில் ஒலிபெருக்கியோடு உட்கார்ந்திருந்த எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதுவரை எனக்கும் தெரியாது. அவர் இரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் மாத்திரை சிறுநீரைப் பெருக்கும் வகையைச் சேர்ந்தது என்பதைப் பிறகு அவரே சொன்னார். ஜந்தர் மந்தரை விட்டு வெளியே வரும் வழியில் அவருக்குத் தலை சுற்றியது. அங்கிருந்த காவலாளி நாங்கள் கேட்காமலேயே ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து, குடிக்கக் கொடுப்பதற்கு முன் அவருடைய புடவை முந்தானையை நனைத்துக் கழுத்தில் சுற்றச் சொன்னார். கால் மணி நேரத்தில் அவர் தெளிந்துவிட்டார். பேச்சுக் குழறியிருந்தாலோ, இடம் தெரியாமல் விழித்திருந்தாலோ, அது வெப்பத் தாக்காக இருந்திருக்கும். மருத்துவமனைக்குத்தான் ஓடியிருக்க வேண்டும்.

கடலோரத்துக்காரர்களுக்கு வறண்ட வெயிலின் தந்திரம் எளிதில் பிடிபடுவதில்லை. நம் ஊர்ப் பக்கத்தில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரித்துவிடும். ராஜஸ்தானில் அது சுரந்தவுடன் காய்ந்துவிடுவதால், வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். மாலையில் கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடுகள் தெரிந்தபோதுதான் எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. அன்று கைப்பேசி 43 டிகிரி காட்டியது. அந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது; வானிலை நிலையங்கள் வெப்பத்தை அளப்பது காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில். கல் பாவிய முற்றத்தின் நடுவில் நிற்பவர் மேலிருந்து வெயிலையும் கீழிருந்து கல்லின் சூட்டையும் சேர்த்து வாங்குகிறார். உடல் ஒரு புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும் என்கிறது மருத்துவம். எங்கள் சுற்றுலா மொத்தமே ஆறு நாள்.

இத்தனைக்கும் அந்த ஊரைக் கட்டியவர்கள் வெயிலை அறிந்தவர்கள். ஜெய்ப்பூரை 1727இல் நிறுவிய சவாய் ஜெய் சிங்தான் ஜந்தர் மந்தரையும் கட்டினார். 1799இல் எழுந்த ஹவா மஹாலின் 953 சிறு சாளரங்களும் அதன் பெயருக்கேற்பக் காற்றை உள்ளே இழுப்பவை. நாங்கள் அதற்குள் போகவில்லை. அதன் முகப்பு கிழக்குப் பார்த்தது. நாங்கள் ஒன்றேகாலுக்கு எதிர்ப்புறச் சாலையோரத்தில் நின்று, சூரியன் மேற்கே சாயத் தொடங்கிய நேரத்தில், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் படமெடுத்தோம். காற்றின் அரண்மனையை அனல் காற்றில் நின்று பார்த்த குழு எங்களுடையது. ஆமேரில் கண்ணாடி மாளிகைக்கு எதிரே உள்ள சுக நிவாஸில், நீர் வழிந்தோடி அறையைக் குளிர்விப்பதற்கான சலவைக்கல் வாய்க்கால் இருக்கிறது. அதில் இப்போது நீர் இல்லை. ஆனாலும் அந்த அறையில் எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம், வழிகாட்டி கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அன்றைய நாளில் நான் நிதானமாகப் பார்த்த ஒரே இடம் அதுதான்.

பழியை முழுவதும் சுற்றுலா நிறுவனத்தின் மேல் போட்டுவிட முடியவில்லை. குழு மேலாளராக வந்த இளைஞர் அன்பானவர்; "இன்னும் ரெண்டு இடம்தான் ஐயா" என்று எங்களைவிடக் களைத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பேருந்தில் ஒருவர் நிரலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடமும் முடிந்ததும் பேனாவால் குறியிட்டார். ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தை வண்டியிலிருந்தபடியே காட்டியதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு வழக்கே நடந்தது. விளம்பரத்தில் ஐந்து இடம் போட்டவரை விட்டுவிட்டு ஏழு இடம் போட்டவரிடம் பணம் கட்டியவர்கள் நாங்கள்தானே? பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவதால் குளிர்காலத்தில் போகச் சொல்வதும் பலருக்குப் பயன்படாத அறிவுரை.

மே மாதத்திலேயே போவதென்றாலும் நாளை இரண்டாக வெட்டலாம். ஆமேர் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. அங்கிருந்து பத்தரைக்குள் இறங்கிவிட்டால் நாலு மணி வரை விடுதியில் படுத்திருக்கலாம். அரண்மனை, ஜந்தர் மந்தர், ஹவா மஹால் மூன்றும் ஒன்றுக்கொன்று நடக்கும் தொலைவில் இருப்பவை, மறுநாள் காலை ஒன்றிலேயே முடிந்துவிடும். இதனால் ஒரு நாள் கூடும், செலவும் கூடும், அல்லது இரண்டு இடம் குறையும். குறையட்டும் என்பது என் கருத்து. அத்தோடு, இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை, அதைக் கட்டிய மன்னரின் பெயரைச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அன்று இரவு உணவின்போது மறுநாள் நிரலை அறிவித்தார்கள். ஆக்ரா: எட்டரைக்குக் காலை உணவு, ஒன்பதரைக்குப் பேருந்து. சூரிய உதயத்துக்கு அரைமணி நேரம் முன்பே திறந்துவிடும் தாஜ்மஹாலின் சலவைக்கல் தளத்தில் நாங்கள் கால்வைக்கும்போது மணி இரண்டரை ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து அந்த அம்மா, "தம்பி, அங்க பாத்ரூம் எந்தப் பக்கம்னு இப்பவே கேட்டு வச்சுக்குங்க" என்றார். மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் யாருக்கோ கைப்பேசியில் அழைத்து விசாரித்துச் சொன்னார். நான் திரும்பி வந்து சொன்ன பிறகுதான், காலையிலிருந்து மடியில் வைத்திருந்த பாட்டிலின் மூடியை அவர் திருகினார்.