பெட்டியை யார் பொறுக்குவது?

போன வாரம் எங்கள் பனியன் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். 3000 டி-ஷர்ட். சோதிக்க வந்த பையனுக்கு மிஞ்சிப்போனால் 25 வயது இருக்கும். பேக்கிங் மேஸ்திரி முன்வரிசைப் பெட்டிகளைத் தட்டிக் காட்டி, "இதையே பிரிச்சுக்குங்க சார், எல்லாம் ஒரே லாட்டுத்தானுங்க" என்றார். பையன் சிரித்துவிட்டு, அடுக்குக்குப் பின்னால் புகுந்து, சுவரோரம் அடியில் கிடந்த பெட்டியில் மார்க்கரால் வட்டம் போட்டான். மேஸ்திரி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

3000 பீஸுக்கு 125 எடுத்துப் பார்க்க வேண்டும். 7 பிழை வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். எத்தனை பிழை வரை பொறுக்கலாம் என்று சொல்லும் இந்த ஏக்யூஎல் கணக்கு, திருப்பூரில் தெரியாத செக்கிங் அக்கா கிடையாது. ஆனால் இதன் பூர்வீகம் பட்டாளம். இரண்டாம் உலகப் போரில் வந்து குவிந்த தளவாடங்களைச் சோதிக்க அமெரிக்க ராணுவம் எடுத்த முறை இது. மில்-எஸ்டிடி-105 என்று பெயர் பெற்று, 1995-ல் அவர்களே அதைக் கைவிட்ட பிறகும், இங்கே வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் நம் ராணுவத்தில் 17 வருஷம் ஸ்டோரில் இருந்தவன். அதனால் உறுத்துகிறது. விற்க வருபவனிடம் பெட்டியைத் தானே பொறுக்கத் தெரிந்த பட்டாளம், தன் வீட்டைச் சோதிக்கும்போது மட்டும் காட்டுகிற பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறது.

வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன் தேதி முன்பே தெரிந்துவிடும். அப்புறம் கேரு-சூனாதான்: மரத்தடி, பாதையோரக் கல் எல்லாவற்றுக்கும் காவியும் சுண்ணாம்பும். ஒரு வருஷம் எங்களிடம் கம்பளி குறைந்தது. பக்கத்து யூனிட்டில் இரவல் வாங்கி அடுக்கினோம். அதில் ஒன்றில் டீ கொட்டிய கறை, மாங்காய் வடிவத்தில். செவ்வாய்க்கிழமை அதை எங்கள் ஸ்டோரில் எண்ணிய அதிகாரியே வியாழக்கிழமை பக்கத்து யூனிட்டிலும் எண்ணினார். கறை அவர் கண்ணில் பட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பேசவில்லை. எப்படிப் பேசுவார்? அடுத்த போஸ்டிங்கில் அவரே ஒரு யூனிட்டை நடத்தலாம். அன்று சோதிக்க வருபவர் எங்கள் யூனிட்டை நடத்தும் சிஓ-வாகவும் இருக்கலாம்.

மேலே எதுவும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். ராணுவத் தளபதிக்கு நேர்கீழே தனி விஜிலன்ஸ் பிரிவு அமைக்க 2019-ல் பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் தந்தார். நல்லதுதான். ஆனால் சியாச்சின் போன்ற இடங்களில் பூட்ஸும் பனிக்கண்ணாடியும் போதவில்லை என்பதை, 2020-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த சிஏஜி (அரசுக் கணக்கைத் தணிக்கை செய்பவர்) அறிக்கையில்தானே ஊர் படித்தது? எண்ணியவர் வெளியாள்.

யூனிட்டைச் சோதிக்க வருபவர் தேதி சொல்லாமல் வரட்டும். லெட்ஜரில் எந்தப் பக்கம் என்பதை அவரே புரட்டட்டும். யூனிட் அதிகாரி பக்கத்தில் இல்லாமல் ஸ்டோர்மேனிடம் 10 நிமிஷம் பேசட்டும். போன வருஷம் எழுதிய குறை என்ன ஆனது என்று முதலில் கேட்கட்டும். அவர் எண்ணியதில் கொஞ்சத்தை வேறு கமாண்டிலிருந்து ஒருவர் வந்து மறுபடி எண்ணட்டும். எல்லாவற்றையும்விட, "கம்பளி குறையுதுங்க" என்று தானே சொல்கிற யூனிட்டுக்கு மார்க் வெட்டுவதை நிறுத்த வேண்டும். வெட்டினால் எவன் சொல்வான்? இரவல்தான் வாங்குவான், நாங்கள் வாங்கிய மாதிரி.

அந்த டி-ஷர்ட் லாட்டா? 9 பிழை, ஃபெயில். சுவரோரப் பெட்டியில் மட்டும் 5. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரீசெக்கிங்.