காலையில மடங்காத விரல்

ஆராய்ச்சி நிலையம்னாலே எத்தனை பேப்பர் போட்டாங்க, எத்தனை பேர் அத எடுத்து எழுதினாங்கன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. தண்டையார்பேட்டைல எங்க வீட்டுக் கணக்கு வேற. அம்மாவால காலையில புடவை கொசுவத்த தானே சொருக முடியுதா, லாரித் தண்ணி வந்தா குடத்த தூக்க முடியுதா, அவ்ளோதான். முடக்குவாதம் (மூட்டு மூட்டா வீங்கி வலிக்கற நோய்) வந்த வீட்டுக்காரங்களுக்கு இது புரியும்.

மூட்டுவாத நோய்களுக்குன்னே லண்டன்ல 1965ல கென்னடி இன்ஸ்டிடியூட்னு ஆரம்பிச்சாங்க, இப்ப ஆக்ஸ்ஃபோர்டுல இருக்கு. அங்க மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் (லூதியானால பொறந்தவர்) நோயாளிங்களோட மூட்டுலேர்ந்து எடுத்த செல்லுங்கள லேப்ல வெச்சுப் பாத்தப்ப, டிஎன்எஃப்ங்கற ஒரே புரதத்த அடைச்சா வீக்கத்த கிளப்புற மத்த புரதங்களும் சேந்து அடங்குதுன்னு அவங்க டீம் கண்டுபுடிச்சுது. 1992ல 20 பேருக்கு அந்த டிஎன்எஃப அடைக்கற மருந்த ஏத்திப் பாத்தாங்க. இன்னிக்கு போடுற எத்தனையோ பயாலஜிக் ஊசிக்கு (உயிருள்ள செல்லுங்கள வெச்சு தயாரிக்கற மருந்து) அதான் ஆரம்பம், ஒரு ஆராய்ச்சியோட இம்பாக்ட், அதாவது பலன்னு நான் சொல்றது இதத்தான்.

ஆனா அந்த ஊசிக்கு முன்னாடி டிபி டெஸ்ட் எடுத்தே ஆவணும், ஏன்னா உடம்புக்குள்ள தூங்குற டிபி கிருமிய சுத்தி வேலி கட்டி வெக்கறதுல இதே டிஎன்எஃப்க்கு பெரிய பங்கு இருக்கு, அத அடைச்சா வேலி ஒடையும். ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கற நம்ம தெருவுக்கு இது சின்ன விஷயம் இல்ல, அங்க கண்டுபுடிச்சத இங்க நம்ம ஜனங்களுக்கும் சரியா வருதான்னு திரும்ப ஆராஞ்சு பாத்தே ஆவணும்.

அம்மாவுக்கு ஊசி தேவைப்படல. வாரத்துல ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, அதுலயே வீக்கம் எறங்கிச்சு. அந்த மருந்து 1940கள்ல அமெரிக்காவுல உருவானதுக்குப் பின்னாடி இருந்த எல்லப்பிரகட சுப்பாராவ் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. சொன்னேன், அம்மா "அவரு பேர இன்னொரு தபா சொல்லுடா"ன்னாங்க.

நான் கேக்கறது ஒண்ணுதான். வட சென்னைல விரல் வீங்கின நாள்லேர்ந்து முடக்குவாதம்னு தெரியற வரைக்கும் எத்தனை மாசம் ஆவுதுன்னு யாராச்சும் தெருத் தெருவா எண்ணி எழுதணும். ஆரம்ப மாசங்கள்லயே மருந்து எடுத்தா எலும்பு அரிக்கறத பெருமளவு தடுக்கலாம், ஆனா காசிமேட்டுல மீன் வெட்டற அக்காங்களும் வீட்டு வேலைக்குப் போறவங்களும் தண்ணில கை வெச்சதால வலின்னு தைலம் தேய்ச்சுட்டு, தாங்கலன்னா பக்கத்து கிளினிக்ல ஒரு வலி ஊசி போட்டுக்கிட்டு மறுநாள் வேலைக்குப் போயிடறாங்க. எங்க அம்மாவும் அப்பிடித்தான் போனாங்க. நோயோட பேர் தெரியவே ரெண்டு வருஷம் ஆச்சு, அதுக்குள்ள வலது கைல ரெண்டு விரல் கோணிப்போச்சு. வலி போயிடுச்சு, விரல் அப்பிடியேதான் இருக்கு.