சராசரி மதிப்பெண் சொல்லாத கதை
திருப்பூர் அரசு நடுநிலைப் பள்ளிகளில் சராசரி மதிப்பெண் குறைவு, அதற்கு ஆசிரியர்களே காரணம் என்று ஒரு கட்டுரை சாடுகிறது. அது நியாயமே இல்லை. பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் பலரும் இங்கேதான் சேர்கிறார்கள், பலர் நடு வருடத்தில். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்த்தாக வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். நல்ல சட்டம்தான். ஹோலிக்கு ஊருக்குப் போன பிள்ளை ஆண்டுத் தேர்வுக்குத் திரும்பாவிட்டால் ஆசிரியர் என்ன செய்வார்?

நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஓர் ஒடியா மாணவி பின்னக் கணக்கைக் கரும்பலகையில் மளமளவென்று போடுவாள். அதையே தமிழில் வாக்கியமாகக் கேட்டால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் இவளுக்குப் போதாது. இரண்டு மொழியும் தெரிந்த உதவி ஆசிரியரைப் போடுங்கள். வருடம் முழுக்கப் படித்தவர்களின் மதிப்பெண்ணைத் தனியாக வெளியிடுங்கள்.