வராதவருக்கு வாங்கிய பொன்னாடை

எனக்கு கீர்ட் வில்டர்ஸைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதி படிக்கும்போதே சண்டைக்கு வந்துவிடுவீர்கள். நெதர்லாந்து எம்.பி. குர்ஆனைத் தடை செய்ய வேண்டும் என்று 2007இல் பத்திரிகையில் எழுதியவர். புத்தகத்தைத் தடை செய்யச் சொன்ன அதே ஆள் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேச்சுரிமைக்குக் கொடி பிடித்தது தனிக் கூத்து.

ஆனாலும் 2009 பிப்ரவரி 12 அன்று லண்டன் ஹீத்ரோவில் அவருக்கு நடந்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இஸ்லாத்தைத் தாக்கி எடுத்த 'ஃபித்னா' என்ற அவருடைய 17 நிமிடப் படத்தை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் போட்டுக் காட்ட, அந்தச் சபையின் உறுப்பினர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். நீங்கள் வந்தால் சமூக நல்லிணக்கம் கெடும், பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து, வராதீர்கள் என்று பிரிட்டன் உள்துறை முன்கூட்டியே கடிதம் அனுப்பிவிட்டது. மனிதர் விடுவாரா? பத்திரிகைக்காரர்கள் புடைசூழ விமானம் ஏறினார். இறங்கியதும் அதிகாரிகள் தனியே அழைத்துப்போய், வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள்.

அன்றைக்கே அந்தப் படம் பிரபுக்கள் சபையில் ஓடியது, அவர் இல்லாமல். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சிலிருந்தே இணையத்திலும் கிடந்தது. ஆக, படம் உள்ளே வந்துவிட்டது. எடுத்தவரை நேரில் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்கும் வாய்ப்புதான் விமான நிலையத்தோடு நின்றுபோனது. நஷ்டம் யாருக்கு? வில்டர்ஸுக்கு இல்லை, அவருக்கு உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

அந்தக் கதையில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. காரணத்தை எழுத்தில் கொடுத்திருந்தார்கள். எழுத்தில் இருந்ததால் மேல்முறையீடு செய்ய முடிந்தது. அக்டோபரில் தீர்ப்பாயம் தடையை ரத்து செய்தது, அதே மாதம் லண்டனில் வந்து இறங்கினார். லண்டன் அப்படியேதான் இருந்தது.

கேட்பவரின் உரிமை என்று ஒன்று உண்டா என்ற கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட வழக்கு அமெரிக்காவில் நடந்தது. எர்னஸ்ட் மாண்டல், பெல்ஜியத்து மார்க்சியப் பொருளாதார அறிஞர். 1969இல் ஸ்டான்ஃபோர்டு உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் அவரைப் பேசக் கூப்பிட்டன. கம்யூனிஸ்டுகளை உள்ளே விடாதே என்ற 1952ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி விசா மறுத்தார்கள். முன்பு இரண்டு முறை விதிவிலக்கு கொடுத்து உள்ளே விட்டவர்கள்தான். இந்த முறை என்னவாம்? போன பயணத்தில் சொன்ன நிகழ்ச்சிகளைத் தாண்டி வேறெங்கோ பேசிவிட்டாராம். மாண்டல் கடைசியில் நியூயார்க் கூட்டத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டித் தொலைபேசியில் பேசினார். கருத்துக்கு விசா தேவைப்படவில்லை, ஆளுக்குத்தான் தேவைப்பட்டது.

அவரைக் கூப்பிட்ட பேராசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். 1972இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அரசு பக்கம் தீர்ப்பளித்தது. கேட்கும் உரிமை உண்டுதான், ஆனால் மேலோட்டமாகப் பார்க்க நியாயமான காரணம் ஒன்றை அரசு சொல்லிவிட்டால் நாங்கள் அதற்கு மேல் தோண்ட மாட்டோம் என்றார்கள். கதவைத் திறந்த கையாலேயே தாழ்ப்பாளும் போட்டாகிவிட்டது.

நம்மூரில் அந்த மேலோட்டமான காரணத்தைக்கூடப் பல நேரம் யாரும் சொல்வதில்லை. 2024 பிப்ரவரியில், லண்டனில் வேலை பார்க்கும் இந்திய வம்சாவளிப் பேராசிரியர் நிதாஷா கௌல் பெங்களூரு விமான நிலையத்தோடு திருப்பி அனுப்பப்பட்டார். அவரைக் கூப்பிட்டது கர்நாடக அரசு, அதுவும் அரசியலமைப்புச் சட்டம் பற்றிய மாநாட்டுக்கு! டெல்லியிலிருந்து உத்தரவு என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை என்று அவர் எழுதினார். மாநில அரசு கொடுத்த அழைப்பிதழுக்கே இதுதான் மரியாதை.

யாரை உள்ளே விடக் கூடாது என்று பட்டியல் போடுகிறவனின் தராசும் ஊருக்கு ஊர் மாறும். 2017 ஜூனில் வைகோ பினாங்கில் ஒரு திருமணத்துக்குப் போனார். கோலாலம்பூரிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். பிரிட்டன் 2010இல் உள்ளே விட மறுத்த இஸ்லாமிய மதப் பிரசாரகர் ஜாகிர் நாயக்குக்கோ அதே மலேசியாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. இந்த இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முடிந்தவர்கள் எனக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சரி, யாரையுமே தடுக்கக் கூடாதா? போ, வெட்டு, கொளுத்து என்று கூட்டத்தை ஏவுகிறவனைத் தடுக்கட்டும். ஏன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், அதை ஒரு நீதிபதி பார்க்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான். வில்டர்ஸுக்குக் கிடைத்த அந்தக் கடிதமாவது கௌலுக்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், சில வருடங்களுக்கு முன் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னக் கூட்டம் ஏற்பாடு செய்தோம். ஐரோப்பாவிலிருந்து ஒரு பேராசிரியர், பழைய தமிழ் அச்சகங்களைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, நோட்டீஸ் அடித்து, பொன்னாடையும் வாங்கியாகிவிட்டது. விசா வரவில்லை. மறுத்துவிட்டோம் என்றும் சொல்லவில்லை. 'பரிசீலனையில்' என்ற ஒற்றைச் சொல் ஆறு வாரம் திரையில் அப்படியே நின்றது. கூட்டத்தன்று வாட்ஸ்அப் அழைப்பில் அவரைப் பிடித்து, செல்போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தோம். இருபது நிமிடம் பேசினார், அதில் பாதி கரகரப்பு. கேள்வி நேரத்தில் ஒரு ரிட்டயர்டு கம்பாசிட்டர் எழுந்து, ஈய எழுத்தைப் பற்றி ஏதோ கேட்டார். இணைப்பு அறுந்துவிட்டது.

பொன்னாடையை மைக் செட் தம்பிக்குப் போட்டு அனுப்பினோம்.